விற்ற வண்டியில் வீடு திரும்பிய நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஈப்போ மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க நான் ஒரு மோட்டார் வண்டியைத் திருடினேன். தெரிந்து திருடியிருந்தால் கொஞ்சம் பெருமையாவது மிஞ்சியிருக்கும். திருடியது எனக்கே ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் என் மனைவி சொல்லித் தெரிந்தது.

அப்போது நான் குனோங் ராபாட்டைத் தாண்டிப் போகிற பாதையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. துரைக்குக் கோபம் வருகிற நாட்களில் அவர் கண்ணில் படுகிற முதல் நாற்காலி. ரப்பர் விலை தலைகால் தெரியாமல் ஏறிய காலத்தில் எங்களைப் போன்ற கிராணிமாருக்கும் தலைகால் தெரியவில்லை. எல்லோரும் மோட்டார் வாங்கினோம். எல்லோரும் வாங்கியது ஒரே சாதி அமெரிக்க வண்டி. ஒரே கறுப்பு நிறம், ஒரே கித்தான் கூரை, ஒரே குரல். கடையில் வேறு நிறம் கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

எனக்கு அது இரண்டாவது வண்டி. முதலாவது சீமையிலிருந்து வந்த குட்டி வண்டி; மேட்டைக் கண்டால் நின்று யோசிக்கும். அதை ஓர் ஈயச் சுரங்கக்காரருக்கு விற்றேன். அவர் எஞ்சினை மட்டும் கழற்றித் தண்ணீர் இறைக்க வைத்துக்கொண்டார். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. எங்கள் இருவரில் அதுவாவது உபயோகமான வேலைக்குப் போயிற்று.

இரண்டாவது வண்டி அப்படியல்ல. தினமும் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு போய் அதன் ரேடியேட்டரை நிரப்புவேன். பிறகு முன்பக்கம் கைப்பிடியைச் செருகி, கால் சுற்று பின்னே விட்டு, ஒரே வெட்டாக மேலே இழுக்க வேண்டும். நான்கு இழுப்புக்குக் குறைந்து அது ஒருநாளும் கிளம்பியதில்லை. அதன் இருமல், அதன் பிடிவாதம், இடப்பக்கக் கதவின் முனகல் எல்லாம் எனக்கு மட்டுமே புரிகிற பாஷை என்று நம்பினேன். என் கண்ணைக் கட்டி ஆயிரம் வண்டிக்கு நடுவில் விட்டாலும் என்னுடையதைக் கண்டுபிடிப்பேன் என்று மற்றக் கிராணிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்களும் அவரவர் வண்டியைப் பற்றி அதையே சொன்னார்கள்.

பிறகு ரப்பர் விலை இறங்கிற்று. தோட்டத்தில் சம்பளத்தோடு எங்களுக்குத் தருகிற படிகளை வெட்டினார்கள். வண்டியைச் சித்தியவானிலிருந்து வந்த ஒரு சீன முதலாளியிடம் விற்றேன். அவர் ஓட்டிக்கொண்டு போனபோது நான் முகம் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போய்விட்டேன். மறுநாளே என் மனைவி வண்டி நின்ற கொட்டகையில் கோழிகளைக் கொண்டுவந்து அடைத்தாள். மூன்றாம் நாள் விடியற்காலையில், பழக்கதோஷத்தில், வாளித் தண்ணீரோடு போய் அங்கே நின்றேன். கோழிகள் என்னைப் பார்த்தன. தண்ணீரை அவற்றுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினேன். அதுவே ஓர் எச்சரிக்கை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் வேலையாக பஸ்ஸில் ஈப்போவுக்குப் போனேன். ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோல் புத்தகங்களும் மையும், துரையின் நாய்க்கு பிஸ்கட்டும் வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு, வழக்கமாகச் சாப்பிடுகிற கடையில் இலை போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதே மனம் வேறெங்கோ இருந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரைக்குக் காரசாரமாக ஒரு மறுப்பு எழுத நினைத்திருந்தேன். மூன்றாவது வாக்கியம் வந்து படிய மறுத்தது. அதையே மென்றுகொண்டு வெளியே வந்தேன். தூறல். வாசலுக்கு நேராக, நான் எப்போதும் நிறுத்துகிற இடத்தில், வண்டி நின்றது.

பொட்டலங்களைப் பின் ஆசனத்தில் போட்டேன். கைப்பிடியைச் செருகினேன். ஒரே இழுப்பில் கிளம்பிற்று. என் வண்டி வாழ்நாளில் செய்யாத காரியம். எனக்கோ அது நல்ல சகுனமாகத் தோன்றியது. சாவியைக் கழற்றுகிற வழக்கம் அப்போது எங்களில் யாருக்கும் இல்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். வழி முழுவதும் காரணம் தெரியாத ஓர் ஆனந்தம். இரண்டு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. அந்த மூன்றாவது வாக்கியம்கூட வந்துவிட்டது. நடுவில் மலாய்க்காரர் கிராமமான ஒரு கம்பத்தில் நிறுத்தித் தேநீரும் குடித்தேன். தோட்டத்து முகப்பில் நின்ற கங்காணி சலாம் போட்டாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கிராணி மறுபடியும் வாங்கிவிட்டார் என்று நினைத்திருப்பார்.

வண்டியைக் கொட்டகைக்குள் விடப் பார்த்தேன். கோழிகள் சிதறி ஓடின. என் மனைவி படியில் வந்து நின்றாள்.

"யாரு காடிங்க இது?"

நம்ம காடிதான் என்றேன்.

"நம்ம காடியத்தான் வித்தாச்சே."

அந்த நிமிஷத்தில் என் மூளைக்குள் நடந்ததை இன்றுவரை என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. விற்றதுதான் கனவோ என்று முதலில் நினைத்தேன். கோழிகள் கனவு இல்லை. பிறகு ஓர் அசட்டு எண்ணம் வந்தது: சித்தியவான்காரர் இதை ஈப்போவில் யாருக்கோ விற்றிருக்கிறார், அது வழி தெரிந்து என்னிடமே வந்துவிட்டது. அந்தக் கதவு முனகலைக் கேளேன், நம்முடையதே என்று அவளிடம் வாதாடினேன். அவள் பின்பக்கம் போய்க் கூரையின் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். எங்கள் வண்டியில் அந்த இடம் கிழிந்து, அவள் கையால் பச்சை நூல் போட்டுத் தைத்திருந்தாள். இதில் கிழிசலும் இல்லை, பச்சை நூலும் இல்லை. நம்பர் தகடும் வேறு. தினமும் முந்நூறு பேருடைய நம்பரைப் புத்தகத்தில் ஏற்றுகிறவன் நான். அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஆயிரம் வண்டிக்கு நடுவில் கண்டுபிடிக்கிறவன், ஒரே ஒரு வண்டியில் தோற்றுப்போனேன்.

அதற்குள் அவள் பின் ஆசனத்தில் நாய் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியைத் திறந்துவிட்டாள். மரத்தூளில் புதைத்த ஐஸ்கட்டி, அதன் நடுவே துணி சுற்றிய மருந்துக் குப்பிகள், மேலே இங்கிலீஷில் ஒரு சீட்டு. எடுத்துப் படித்தேன். சுங்கை சிப்புட் பாதையில் ஒரு தோட்டத்தின் பெயர், நான்கு வயதுப் பெண் குழந்தை, தொண்டை அடைப்பான், தாமதமில்லாமல் ஊசி போட வேண்டும். அந்தத் தோட்டம் ஈப்போவுக்கு அந்தப் பக்கம். நான் மருந்தை இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறேன்.

நான் படித்ததைத் தமிழில் சொன்னேன். அவள் முகம் மாறியது. ஐஸில் பாதி கரைந்து பெட்டியின் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

போலீஸ், வேலை, மானம் எல்லாவற்றையும் பற்றி நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். "எடுங்க. நானும் வாரேன். தனியா விட்டா எதையாச்சும் நெனச்சிக்கிட்டுப் பினாங்குக்கே போயிருவீங்க."

போகும்போது எந்த வாக்கியமும் என் தலைக்குள் இல்லை. பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை அவள் முந்தானையால் ஒற்றிப் பிழிந்துகொண்டே வந்தாள்.

சாப்பாட்டுக் கடை வாசலில் கூட்டம். நடுவில் ஒரு போலீஸ்காரரும், தொப்பி நனைந்த ஓர் இளைஞரும். அந்த இளைஞர்தான் வண்டிக்காரர். சீட்டில் இருந்த அந்தத் தோட்டத்தில் மருந்து கொடுத்து ஊசி போடுகிற டிரெஸர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. ஆஸ்பத்திரியில் மருந்தை வாங்கிக்கொண்டு வரும் வழியில், ஸ்பிரிட் வாங்குவதற்காகப் பக்கத்துக் கடைக்குள் இரண்டு நிமிஷம் நுழைந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் வண்டி இல்லை. ஓடிப்போய் வேறு மருந்து கேட்டிருக்கிறார். அன்றைக்கு ஊரில் இருந்தது அவ்வளவுதான் என்று தெரிந்ததும், திருடன் போன திசையையாவது யாரும் சொல்ல மாட்டார்களா என்று அங்கேயே வந்து நின்றிருக்கிறார்.

போலீஸ்காரர் என் கையைப் பிடித்தார். என்னுடைய வண்டி என்று நினைத்து எடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அப்படியானால் உன்னுடைய வண்டி எங்கே என்றார். "சூடா ஜுவால்" என்றேன். விற்றாயிற்று என்று அர்த்தம். அவர் என்னையே பார்த்தார். விற்ற வண்டியை எதற்குத் தேடினாய் என்றார்.

டிரெஸர் இதையெல்லாம் கேட்கவே இல்லை. என் மனைவி மடியிலிருந்த பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். குப்பிகள் இன்னும் குளிர்ந்திருந்தன. அடுத்த கடையிலிருந்து புது ஐஸ் வாங்கிக் கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காணும், கதையெல்லாம் பிறகு. நான் கார் ஓடப் பழகி ஒரு கிழமைதான். உமக்கு வேகமா ஓட ஏலுமோ?"

ஏலும் என்றேன். திருடனைத் தனியே அனுப்ப முடியாது என்று போலீஸ்காரரும் முன்னால் ஏறிக்கொண்டார். இப்படியாக, நான் திருடிய வண்டியை, வண்டிக்காரரையும் போலீஸையும் பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு, நானே ஓட்டினேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் கடைசி வீடு. குழந்தையின் மூச்சு வாசலுக்கே கேட்டது. ஈரப் பலகையை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். டிரெஸர் உள்ளே ஓடினார். குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும் என் மனைவியும் போனாள். நானும் போலீஸ்காரரும் வெளியே மழையில் நின்றோம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே நான் தாமதப்படுத்தியிருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அந்தச் சத்தம் எவ்வளவு கூடியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க முயன்றேன். கணக்கில் புலி என்று பெயரெடுத்தவன்; எனக்கு விடை வரவில்லை.

சாயங்காலம் டிரெஸர் வெளியே வந்தார். மூச்சு கொஞ்சம் இளகியிருக்கிறது, இனிப் பயமில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றார். அவருக்குப் பின்னாலேயே அந்தக் குழந்தையின் தாய் வந்தாள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். காலையில் வேலைக்குப் போன அதே உடையில் இருந்தாள். நேராக வந்து, நான் விலகுவதற்குள், சேற்றில் என் காலடியில் விழுந்தாள்.

"கெராணியய்யா, நீங்க மட்டும் காடிய இப்படிப் பறக்க வுட்டுக்கிட்டு வரலன்னா எம்புள்ள போயிருக்கும்லா."

நான் டிரெஸரைப் பார்த்தேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். என் மனைவியைப் பார்த்தேன். அவள் மழையைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தாய் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

டிரெஸர் போலீஸ்காரரிடம், இவர் என் சிநேகிதர், எனக்குச் சொல்லாமல் வண்டியை எடுத்துவிட்டார், வேறொன்றுமில்லை என்றார். போலீஸ்காரர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் உள்ளேயிருந்து வந்த மூச்சுச் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்களை பஸ் ஏற்றிவிட வந்தபோது, அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று டிரெஸரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. அன்று முழுவதும் வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"சொல்லி ஆருக்கு என்ன லாபம்? உமக்கு மனப்பாரம் குறையும். அவளுக்கு இண்டைக்கு இரவு நித்திரை போகும். பேசாமல் ஏறும்."

ஏறினேன். அவர் சொன்னது நியாயமா, இல்லை நான் ஏறுவதற்குச் சௌகரியமாக இருந்ததால் நியாயமாகப் பட்டதா என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி வந்துவிட்டது. இரண்டு தீபாவளிக்கும் அந்தத் தோட்டத்திலிருந்து யார் மூலமாவது ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய அதிரசம் வருகிறது. டிரெஸருக்கும் போகிறதாம்; என்னுடையதைவிடச் சின்னப் பாத்திரம் என்று கேள்விப்பட்டேன். இந்த வருஷம் தாயும் மகளுமே நேரில் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐந்து வயது, ஓயாமல் பேசுகிறாள். நீங்கள்தானே எனக்கு மருந்து கொண்டுவந்தது என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றாலும் பொய் இல்லை, இல்லை என்றாலும் பொய் இல்லை. என் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அந்தக் குழந்தைக்கு இன்னொரு வாழைப்பழம் கொடுத்தேன்.

என் வண்டியைப் பற்றிய ஏக்கம் அன்றோடு போய்விட்டது. இப்போது எந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்தாலும் கையைக் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கிறேன். ஆனால் யாராவது எனக்கு நன்றி சொல்லிவிட்டால் மட்டும், அவருக்கு நான் செய்த நல்லது என்ன என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் அவருக்குத் தெரியாமல் என்ன கெடுதல் செய்து வைத்தேனோ என்றுதான் இன்றைக்கும் மனம் தேடிப் போகிறது.