கசடு போட்ட பாத்தி

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் எதை நட்டாலும் செத்தது. செங்கல் உடைசலும் உப்பு மணலுமாய்க் கிடந்த மண்ணில் புல்லே முளைக்க யோசித்தது. அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. நகரத்துக் கக்கூஸ் தண்ணீரெல்லாம் வந்து சேரும் பம்பு நிலையத்தில் அவருக்கு வேலை. அங்கே அடியில் தங்கும் கசடை வெயிலில் காயப்போடுவார்கள். ஒருநாள் அதைச் சாக்கில் கட்டி சைக்கிளில் கொண்டுவந்தார். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஊர் கழிச்சதுதான். மண்ணுக்கு அதுதான் சோறு" என்றார் அப்பா.

வாழைக்கும் தென்னைக்கும் அதை உடனே போடலாம், பச்சையாய்த் தின்னும் இலைக்கறிக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க மண் ஆறவேண்டும் என்று விளக்கியவரும் அவரே. முதலில் ஒரு வாழைக்குட்டிதான் நட்டார். ஆனால் தம்பி இரத்தமில்லாமல் வெளிறிப்போயிருந்தான். அவனுக்கு வல்லாரை கொடுக்கச் சொல்லி டிஸ்பென்சரியில் சொன்னார்கள். மண் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அப்பா வாழையடியிலேயே வல்லாரையும் வைத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறவரும் அவர்தான்.

வல்லாரை கொழுகொழுவென்று படர்ந்தது. எங்கள் பக்கத்தில் அதை அடுப்பில் வைப்பதில்லை. பச்சையாய் அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் பிசைந்து சம்பல் போடுவார்கள். எனக்கு அந்தக் கசப்புப் பிடிக்காது. தம்பிக்கு அப்பாவே ஊட்டினார்.

பிறகு வயிற்றோட்டம், காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தான். டொக்டர் கேட்டபோது அப்பா எதையும் மறைக்கவில்லையாம்.

வல்லாரையை வேரோடு கொத்தி எறிந்தார். வாழையை ஏனோ விட்டுவிட்டார். அது பருத்து, பெரிய குலை தள்ளியது. பழுத்தும் யாரும் வெட்டவில்லை, காகம் கொத்தியது. ஒரு பழம் கேட்டதற்கு அப்பா என்னை அடித்தார். அதுவரை அவர் கைநீட்டியதே இல்லை. அம்மாவும் அவரும் கதைப்பதை விட்டு வெகுநாளாகியிருந்தது. அந்த வீட்டில் இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அப்பா பின்வாசற் படியில் இருந்தார். அம்மா நேரே போய் ஒரு பழத்தைப் பிய்த்து, அவருக்கு முன்னால் நின்றே தோலுரித்து முழுவதையும் சாப்பிட்டாள். இன்னொன்றைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குது. சாப்பிடுங்கோ."

அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கேட்ட எனக்கு அடி, கேட்காத அவருக்குப் பழம், அதற்கும் ஓர் அழுகையா என்று நினைத்தேன்.