மூன்று பெயர்க் கப்பல்

அக்கா மகள் கவிதாவைப் பெண் கேட்டு வந்த, சுங்காய் ஊரைச் சேர்ந்தவர், ஒரே சுற்றுலாக் கப்பலில் ஒன்பது வருடம் சமையல்காரராக இருந்ததாகச் சொன்னார். அவருடைய வேலைச் சான்றிதழ்களிலோ மூன்று கப்பல் பெயர்கள் இருந்தன. நான் ஈப்போவில் முப்பது வருடம் பத்திரிகைச் செய்திகளைச் சரிபார்த்தவன். அவர் சட்டைப்பையைத் தொட்டதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

“இதுல எந்தப் பேரு பொய், தம்பி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். கவிதாவின் முகம் சுருங்கியது.

அவர் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கப்பலின் பின்பக்கத்தை வெவ்வேறு வருடங்களில் எடுத்த மூன்று படங்களைக் காட்டினார். ஒன்றில் வெள்ளைச் சாயம், அடுத்ததில் நீலம், கடைசியில் மேலே புதிதாக ஒரு மாடி.

“பழைய கப்பல், அங்கிள். முதலாளி மாறுனா பேரும் மாறும்லா. பெருசாக்கிப் பாருங்க.”

பார்த்தேன். புதிய பெயருக்கு அடியில், இரும்பில் பற்றவைத்த பழைய எழுத்துகள் சாயத்தை மீறிப் புடைத்திருந்தன. கீழே இருந்த ஏழு இலக்க எண் மூன்று படங்களிலும் ஒன்றேதான்.

“நம்பர் மட்டும் மாறாது. நம்ம அடையாளக் கார்டு, ஐசி நம்பர் மாதிரி” என்றார்.

“மாமா, உங்க பேப்பரும் ரெண்டு தடவ பேரு மாறுச்சுதானே?” என்றாள் கவிதா.

மாறியதுதான். நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். எந்தப் பெயர் பொய் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்று அந்தக் கூடத்தில், எல்லோர் முன்னாலும், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.