மஸ்டாங்கின் வலப்பக்கம்

கிங்ஸ்பரி யோகலிங்கத்தின் கார் மணிக்கு நூற்றிருபது மைல் போகும் என்று அதைச் செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவன் அதை நம்பினான். சோதித்துப் பார்க்கத்தான் வாய்க்கவில்லை.

மூன்று லீட்டர் எஞ்சின், காரின் பாதி நீளத்துக்கு மூக்கு, பின்னால் வழுகி இறங்கும் கூரை, பித்தளை நிறம். எழுபத்தெட்டாம் ஆண்டுக் கப்ரி. அதே காரை வைத்திருந்த வெள்ளைக்காரப் பெடியள் சிக்னலில் டயர் புகைய விட்டுப் பாய்ந்தார்கள். யோகலிங்கத்தின் கப்ரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய பெரியம்மாமாரும், அகதி விண்ணப்பத்தோடு ஹோம் ஒபிசுக்குப் போகிற புது ஆட்களும், கலியாண வீட்டுச் சோற்றுக் கிடாரங்களும் பயணம் செய்தன. கதவு இரண்டுதான். பின் இருக்கையில் ஏறியவர்களை வெளியே எடுப்பது ஒரு பிரசவம். தலை முதலில் வரவேண்டும், யாராவது ஒருவர் வெளியே நின்று கையைப் பிடித்து இழுக்கவேண்டும். வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: “ஏன் தம்பி, நாலு கதவுக் கார் ஒண்டு வாங்கக் கூடாதோ?”

பலசாலி ஒருவனைக் கூட்டிவந்து கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க விட்ட மாதிரித்தான் அந்தக் கார் இருந்தது.

யோகலிங்கத்துக்கு அதில் கவலையில்லை. அவனுடைய உண்மையான ஓட்டமெல்லாம் பெட்ரோல் செட்டின் கண்ணாடிப் பெட்டிக்குள் நடந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சிகரெட் பெட்டிகளுக்கும் சொக்கலேட்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அவன் வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். மழை பெய்தால் கண்ணாடியில் நீர் வழிந்து, பம்புகளும் கார்களும் கரைந்து, சிவப்பு விளக்குகள் மட்டும் ஆற்றில் விட்ட தீபங்களைப்போல மிதந்து போகும். அவனும் கூடப் போய்விடுவான். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீளமான ஒரு சாலை, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை, ஒரு சிவப்புக் கார். “நம்பர் த்ரீ, பிளீஸ்” என்று யாராவது கண்ணாடியைத் தட்டினால் திரும்பி வருவான். மிச்சக் காசில் பிழை வந்தால் மனேஜர் கத்துவார். மனேஜரும் நம்மவர்தான் என்பதால் தமிழிலேயே கத்துவார்.

அந்தச் சிவப்புக் காரை ஒருநாள் விழித்திருக்கும்போதே கண்டான். தொண்ணூறாம் ஆண்டு கோடையில், ஸ்ட்ரெதமில் மளிகைக் கடை வைத்திருந்த செபமாலைமுத்து அதில் வந்து இரண்டாம் பம்பில் நிறுத்தினார். அமெரிக்க மஸ்டாங். எட்டு சிலிண்டர். எஞ்சின் சத்தத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிகரெட் பெட்டிகள் லேசாக அதிர்ந்தன. யோகலிங்கம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டான், கல்லாவைப் பூட்டாமல்.

“என்னடா யோகு, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?” என்றார் செபமாலைமுத்து. “உன்ரை கப்ரியைத் தா, இதைக் கொண்டு போ. காருக்குக் கார். மேலதிகமா ஒரு சதமும் வேண்டாம்.”

“ஏன் அண்ணை? இதை ஏன் விடுறியள்?”

“என்ரை மனுசிக்குச் சத்தம் பிடிக்கேல்லை.” இதைச் சொல்லும்போது அவர் பம்பில் ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாறன். ஓடிப் பார். அண்டைக்குப் பின்னேரமே முடிவு சொல்லிப்போடு. டூட்டிங்கிலை ஒருத்தன் கேட்டுக்கொண்டு நிக்கிறான்.”

அந்தக் கிழமை முழுவதும் யோகலிங்கம் பூமியில் இல்லை.

இதில் சந்திரவதனாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. அவள் யோகலிங்கத்தின் மனைவி. பார்க் ரோயலில் சான்ட்விச் செய்கிற தொழிற்சாலையில் காலை ஷிப்ட். அவன் அவளை இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். அவன் வீடு திரும்பும்போது அவள் நித்திரை. ஆகவே கிங்ஸ்பரிக்கும் பார்க் ரோயலுக்கும் இடைப்பட்ட அந்தப் பயணம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. சிக்னலெல்லாம் பச்சையாக விழுந்தால் அதுவும் குறைந்துவிடும்.

அந்த நேரத்திலும் பேச்சு நடந்ததென்று சொல்லமுடியாது. சந்திரவதனா “இஞ்சேருங்கோ” என்பாள். பிறகு, வளர்த்த முறைப்படி, அவன் “என்ன?” என்று கேட்கும்வரை காத்திருப்பாள். அவன் எங்கோ தூரத்துச் சாலையிலிருந்து திரும்பி வந்து “என்ன?” என்று கேட்பதற்குள் தொழிற்சாலை வாசல் வந்துவிடும். “ஒண்டுமில்லை” என்று இறங்கிவிடுவாள். இப்படி எத்தனையோ விஷயங்கள் ‘ஒண்டுமில்லை’ ஆகிப் போயிருந்தன.

கார் மாற்றுகிற கதையைச் சொன்னபோதும் அவள் மறுக்கவில்லை. “முருகனிட்டைக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு முடிவெடுங்கோ” என்றாள். ஆர்ச்வே முருகனுக்குக் காட்டாமல் லண்டனில் ஒரு தமிழனும் காரின் ஒரு சில்லைக்கூட வாங்குவதில்லை. நியாயமான கோரிக்கைதான்.

ஞாயிறு காலை மஸ்டாங் வந்து வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுத் திரைச்சீலைகள் அசைந்தன. செபமாலைமுத்து சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் இருக்கையில் சுருண்டு ஏறிக்கொண்டார். யோகலிங்கம் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தான். அங்கே ஸ்டியரிங் இல்லை.

“அது அமெரிக்கன் காரடா” என்றது பின்னாலிருந்து குரல். “அங்காலை போ.”

யோகலிங்கம் இடப்பக்கம் போனான். சந்திரவதனா வலப்பக்கம் ஏறினாள். ஆறு வருஷமாக நடைபாதையையும் குப்பைத் தொட்டிகளையும் பார்த்தபடி வந்தவளுக்கு முன்னால் இப்போது நடுத்தெரு திறந்து கிடந்தது. அவள் பெல்ட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு நேரே பார்த்தாள்.

கனவு நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆகஸ்ட் வெயில் சிவப்பு பொனட்டில் உருகி ஓடியது. வீடுகளெல்லாம் சத்தமில்லாமல் பின்னால் நழுவின. தான் ஓட்டவில்லை, யாரோ தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று யோகலிங்கத்துக்குத் தோன்றியது. ஹென்டன் வந்ததோ போனதோ தெரியவில்லை.

பின்ச்லியில் ஒரு ஒடுங்கிய தெருவில், வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றுகிற பெரிய வான் வண்டி ஒன்று இடப்பக்கமாக நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கப்ரியில் என்றால் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் எதிரே என்ன வருகிறதென்று தெரியும். இங்கே அவன் ஓரத்தில் இருந்தான். வானின் முதுகும் அதிலே எழுதியிருந்த டெலிபோன் நம்பரும்தான் தெரிந்தன. ஆனது ஆகட்டும் என்று காரை வெளியே எடுத்தான்.

“இஞ்சேருங்கோ” என்றாள் சந்திரவதனா.

பிறகு காத்திருந்தாள்.

“என்ன?”

“பஸ் வருது.”

பஸ் வந்தே விட்டிருந்தது. இரண்டு தட்டு. யோகலிங்கம் பிரேக்கில் ஏறி நின்றான். மஸ்டாங் மூக்கைக் குத்தி நின்றது. செபமாலைமுத்து “அந்தோனியாரே!” என்று முன்னால் வந்து பின்னால் போனார். பஸ் டிரைவர் கண்ணாடியை இறக்கி, மொழிபெயர்க்க அவசியமில்லாத சில சொற்களைச் சந்திரவதனாவைப் பார்த்தே சொன்னான். ஓட்டுகிறவள் அவள்தான் என்று அவன் நினைப்பு.

“கண்டவுடனே சொல்லக்கூடாதே?” என்றான் யோகலிங்கம், காரைப் பின்னுக்கு எடுத்தபடி.

“நீங்கள் என்னெண்டு கேக்கவேணுமெல்லோ.”

“நான் கேக்கிறதுக்குள்ளை மூண்டு பேரும் செத்து அந்தியேட்டியும் முடிஞ்சிருக்கும்!”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். “இப்ப எடுங்கோ” என்றாள், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல். “ஒண்டும் வரேல்லை. எடுங்கோ. இன்னும் வெளியாலை. சரி, உள்ளை வாங்கோ.”

அதற்குப் பிறகு அவள் வாய் மூடவில்லை. “பொறுங்கோ, சைக்கிள்காரன்.” “போகலாம்.” “அங்காலை ஒரு மனுசி நாயோடை நிக்குது.” ஈஸ்ட் பின்ச்லி தாண்டியபோது தெருவோடு சேர்த்து மற்றவையும் வந்தன. “போங்கோ, போங்கோ. எங்கடை சுப்பர்வைசர் என்னை ரோஸ் எண்டு கூப்பிடுறாள். சந்திரவதனா நீளமாம். நில்லுங்கோ, சிவப்பு. நான் அவளுக்குச் சொன்னனான், நான் உன்னை விக்டோரியா எண்டு முழுசாத்தானே கூப்பிடுறன் எண்டு. பச்சை. எடுங்கோ.”

யோகலிங்கம் சிரித்தான். பின்னாலிருந்து செபமாலைமுத்தும் சிரித்தார். ஹைகேட் மேட்டில், மரங்களின் நிழல் கார்மேல் ஓடி விழுந்துகொண்டிருந்தபோது, யோகலிங்கத்துக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு தூரமும் அவன் கனவு காணவில்லை. மறந்துபோயிருந்தான்.

கோயிலுக்குக் கொஞ்சம் மேலே, சரிவில் காரை நிறுத்தினார்கள். கையில் அர்ச்சனைத் தட்டுடன் கனகாம்பிகை அக்கா நடைபாதையில் நின்றுவிட்டார். வடலண்டன் செய்தியெல்லாம் அவரிடம் போய்த்தான் மற்றவர்களிடம் போகும். சிவப்புக் கார், வலப்பக்கக் கதவு, அதிலிருந்து சேலையைச் சரிசெய்தபடி இறங்குகிற சந்திரவதனா. அக்காவின் கண்கள் அகன்றன.

“எடியே! நீயே கிங்ஸ்பரியிலையிருந்து ஓடிக்கொண்டு வந்தனி? உந்தப் பெரிய காரை?”

யோகலிங்கம் மறுபக்கம் இறங்கி, விளக்கம் சொல்ல வாய் திறந்தான்.

“ஓம் அக்கா” என்றாள் சந்திரவதனா.

“பயமில்லையே?”

“பின்ச்லியிலை ஒரு பஸ்காரன் கொஞ்சம் வெருட்டினவன். மற்றும்படி ஒண்டுமில்லை.”

கனகாம்பிகை அக்கா யோகலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தார். மனைவி ஓட்ட, பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்து வந்த புருஷனைப் பார்க்கிற பார்வை அது. தட்டிலிருந்த தேங்காயைப் பார்த்ததுகூட அதைவிட மரியாதையாகத்தான் இருந்தது.

அக்கா உள்ளே போனதும் செபமாலைமுத்து காருக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “இனிச் சொல்லத்தானே வேணும். எனக்கும் இதுதான் நடந்தது. மனுசி கார் ஓட, புருசன் சொகுசாப் பக்கத்திலை இருந்து வாறார் எண்டு ஸ்ட்ரெதம் முழுக்கக் கதை. நான் தனியப் போனால் ஆளில்லாமல் கார் போகுது எண்டு சின்னப் பிள்ளையள் கத்துதுகள். கடை வைச்சிருக்கிறவன், எத்தினை பேருக்கு விளக்கம் சொல்லுறது?”

“சத்தம் பிடிக்கேல்லை எண்டீங்கள்.”

“ஊர்ச் சத்தம்” என்றார் அவர்.

முருகன் முன்னால் யோகலிங்கம் கண்ணை மூடினான். வழக்கமாக அங்கே நின்றால் சாலைதான் தெரியும். இன்றைக்குக் கனகாம்பிகை அக்காவின் பார்வை தெரிந்தது. போனால் போகட்டும், மானம் போனாலும் மஸ்டாங் மிச்சம் என்று மனதுக்குள் கணக்கு முடித்தான். மனைவி பேசுவாள், தான் ஓட்டுவான், ஊர் எதையாவது சொல்லட்டும். இப்படி எல்லாம் கூடிவருகிற நாள் வாழ்க்கையில் எத்தனை தரம் வரும்? திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் முகம் பிரகாசமாக இருந்தது.

“மாத்துவம்” என்றான் படியில் வைத்து. “வலப்பக்கம் உமக்குத்தானே பிடிச்சிருக்கு. அது உமக்கு.”

“பிடிச்சிருக்கு” என்றாள். “ஆனால் அதிலை ஸ்டியரிங் உங்கடை பக்கமெல்லோ இருக்கு.”

“அதுக்கென்ன?”

“எனக்கு அந்தப் பக்கமும் வேணும். ஸ்டியரிங்கும் வேணும். ரண்டும் ஒரே இடத்திலை இருக்கிற கார் எங்கடை வாசலிலை நிக்குது.”

யோகலிங்கம் அவளையே பார்த்தான். அவள் இப்போது யாருடைய ‘என்ன’வுக்கும் காத்திருக்கவில்லை. “மூண்டு வருஷமாக் கேக்கவேணும் கேக்கவேணும் எண்டு கொண்டு வந்தனான்” என்றாள். “கார் ஓடிப் பழகப் புரொவிஷனல் லைசன்ஸ்கூட எடுத்து வைச்சிருக்கிறன்.”

படியின் கீழே மஸ்டாங் வெயிலில் நின்றது. போகிற வருகிறவர்களெல்லாம் அதை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு கார் இனி இந்த ஜன்மத்தில் அவனிடம் வரப்போவதில்லை. தனக்கு அது தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதை வாங்கினால் கப்ரி போய்விடும். கப்ரி போனால் இந்தப் பெண் திரும்பவும் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள், அது வலது ஓரமாக இருந்தாலும். பிறகு கொஞ்ச நாளில் அவள் “இப்ப எடுங்கோ” என்பதும் அலுத்துப்போகும். பேச்சு நின்றுவிடும்.

அவன் இறங்கிப் போய்ச் சாவியை நீட்டினான்.

“டூட்டிங்காரனுக்கே குடுங்கோ அண்ணை.”

“விசரா உனக்கு?”

“ஓம்” என்றான் யோகலிங்கம். “ஆனால் வீடு மட்டும் நானே ஓடிக்கொண்டு போறன்.”

திரும்பும்போது மிக மெதுவாக ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். சந்திரவதனா “போகலாம்” என்று சொன்ன இடங்களிலும் அவன் கொஞ்சம் நின்றே போனான். கிங்ஸ்பரியில் இறங்கிய பிறகு, சிவப்புப் பின்விளக்குகள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தான்.

அது ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் பூட்டிக் கிடந்த காலம். அடுத்த ஞாயிறு, அப்படி ஒரு கடையின் கார் நிறுத்துமிடம் ஆளரவமில்லாமல் ஏரியைப்போல விரிந்து கிடந்தது. கப்ரியின் முன்னும் பின்னும் எல் போட் கட்டி, சந்திரவதனா வலப்பக்கம் ஏறினாள். யோகலிங்கம் இடப்பக்கம் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான். கார் இருமியது, துள்ளியது, பிறகு அதிசயமாக வழுக்கிக்கொண்டு போகத் தொடங்கியது. வெள்ளைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடியில் மறைந்தன. மேகங்கள் காரோடு கூட வந்தன. இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் வானம் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தான்.

“அந்த விக்டோரியா இருக்கிறாளெல்லோ” என்று ஆரம்பித்தாள் சந்திரவதனா, முன்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நேற்று என்னட்டை வந்து, எனக்கும் கார் ஓடப் பயமாக் கிடக்கு எண்டாள். நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு நினைக்கிறியள்?”

யோகலிங்கம் யோசித்து, “நீர்...” என்று வாயைத் திறந்தான்.

கார் ஒரு குலுக்கலோடு நின்றுபோனது.

“உங்களாலைதான்” என்றாள் அவள். “ஓடுற ஆளோடை கதைக்கக் கூடாது.”