ஈயக் குண்டு மீனானது

ஓசூரில் வண்டிகளுக்கான பிரேக் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஒலி அலையை அனுப்பி, இரும்புக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று திரையில் பார்க்க வேண்டும். அதே ஒலி அலையால் மீனைக் காட்டும் கருவி விற்கிறது என்று தெரிந்ததும் என்னால் வாங்காமல் இருக்க முடியவில்லை. பந்து போல தண்ணீரில் மிதக்கும், செல்போனில் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு குருபரப்பள்ளி பக்கம் ஓர் ஏரிக்குப் போனேன். மதகின் மேல் நின்று பந்தை இறக்கியதும் திரை முழுக்க மீன் படங்கள். மதியம் வரை தூண்டில் வீசி, ரீலைச் சுற்றிக் கை வலித்ததுதான் மிச்சம்.

"ஏங்க, கம்பெனியில தெனமும் மொதல்ல ஓட்டை இருக்கற பீஸ வெச்சு மெஷினயே செக் பண்ணுவோம்னு சொல்லுவீங்களே. இத செக் பண்ணீங்களா?" என்றாள்.

இல்லை. தூண்டில் நரம்பில் வெறும் ஈயக் குண்டைக் கட்டிப் பந்துக்கு அடியில் இறக்கினேன். திரையில் அழகாக ஒரு மீன் வந்தது. குண்டை இழுத்தேன், மீனும் மேலே ஏறியது.

"கொழம்பு வெச்சிரலாமா?" என்று சிரித்தாள்.

சேற்றிலிருந்து குமிழிகள் வந்து வெடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். குமிழி தேடிச் சம்பளம் வாங்குகிறவன், காலை முழுக்கக் குமிழிகளுக்குத் தூண்டில் போட்டிருக்கிறேன்!

நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் சிரிப்பு நின்றது. மீன் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தேன், மீன் தெரிந்தது. கம்பெனியில் லாரி காத்து நிற்கும்போது, குறை இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டுத்தானே திரையைப் பார்க்கிறேன்?

மறுநாள் காலை, சரி என்று ஒதுக்கிவைத்த பெட்டியைத் திறந்து, முதல் பாகத்தை மறுபடி கையில் எடுத்தேன்.