சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்த பதில்

அந்தக் கயிறு அறுந்தபோது எனக்கு ஜெபிக்க நேரமில்லை. கப்பலைத் துறைமுகத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். விறைத்து நின்ற கயிறு வெடித்த மாதிரி அறுந்து வந்து என் வலது காலில் அடித்தது. கண் விழித்தபோது மொழி தெரியாத ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது.

என் பேர் தாவீதுராஜா. சபையில் பலருக்கு என்னைத் தெரியும். பாளையங்கோட்டையில்தான் வீடு. பதினாலு வருஷம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன். கடலில் இருக்கும்போது ஜெபம் என்பது எனக்குச் சாப்பிடுமுன் கண்ணை மூடுவதோடு சரி. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

காலில் தகடு வைத்து என்னை ஊருக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு மாதம், என்னைக் கப்பல் வேலைக்கு அனுப்பின ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பிறகு போனும் நின்றது, சம்பளமும் நின்றது. கால் ஆறவில்லை. எலும்புக்குள் சீழ் வைத்துவிட்டது. "சீக்கிரம் இன்னொரு ஆப்பரேஷன் செய்யணும். தள்ளிப்போட்டா காலை எடுக்கவேண்டி வரும்" என்றார் டாக்டர். அதற்கு எங்கள் கையில் வழியில்லை. கப்பல் கம்பெனிக்கு எழுதினோம். பதில் இல்லை.

கடைசியில் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. கொஞ்சம் பணம் தருவார்களாம், அதற்குமேல் நான் எதுவும் கேட்கக்கூடாதாம். அங்கே வேலை பார்க்கிற நம்ம பக்கத்து ஆள் ஒருவர் போனில் பேசினார். "ஒம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதேன் வே. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பும். இல்லைன்னா இதுவும் கிடையாது."

பேனாவை எடுத்துவிட்டேன். என் மனைவி கிரேஸ் தாளை வாங்கி நிதானமாக வாசித்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர்.

"விபத்து உங்க கவனக்குறைவாலேன்னு எழுதியிருக்கு. அப்படியா நடந்துச்சு?"

"இல்ல. கயிறு நைஞ்சு போச்சுன்னு நாங்க முன்னாலேயே சொல்லியிருந்தோம்."

"அப்போ இது பொய்ச்சாட்சி. உங்க மேலேயே நீங்க பொய்ச்சாட்சி சொல்லப் போறீங்களா?"

நான் அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் முன்னால் நான் அழுததில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்து ஜெபித்தோம். "ஆண்டவரே, எனக்குச் சட்டம் தெரியாது, ஆள் தெரியாது. உம்மைத்தான் தெரியும். அதுவும் அரைகுறையாகத்தான்" என்று சொன்னேன். அதுதான் என் முழு ஜெபமும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊன்றுகோலோடு ஆலயத்துக்குப் போனேன். ஜெபக்குறிப்பில் என் கால் விஷயமும் வாசிக்கப்பட்டது. ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார்கள். அண்ணன் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள். கப்பல் தொழிலாளர் வழக்குகளையே வருஷக்கணக்காக நடத்துகிற வக்கீல். நாங்கள் தேடிப்போகவில்லை. அவர்கள் வந்தார்கள்.

தாளைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடலையே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பிறகு விளக்கினார்கள். வேலையில் அடிபட்டவனுக்குக் கப்பல் முதலாளிதான் வைத்தியம் பார்க்கவேண்டும். குணமாகும் காலத்துக்குச் சம்பளமும் உண்டு. ஊனம் நிரந்தரமாகிவிட்டால் ஒப்பந்தப்படி நஷ்டஈடு தரவேண்டும். குறைத்து வாங்கிக்கொள் என்று நெருக்கக்கூடாது.

"முதலாளி பதில் சொல்லாட்டா?" என்றேன்.

"இதுக்குன்னே காப்பீடு எடுத்திருக்கணும். அந்தச் சான்றிதழைக் கப்பல்லே எல்லாரும் பாக்கிற இடத்துலே ஒட்டியிருக்கணும். நீங்க பாத்ததில்லையா?"

சாப்பாட்டு அறைச் சுவர் ஞாபகம் வந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏதோ தாள்கள். ஒன்பது மாதம் அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். ஒரு வரி வாசித்ததில்லை.

கப்பலில் சமையல்காரர் மீரான், காயல்பட்டினத்துக்காரர். அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பும்படி அவருக்குச் செய்தி அனுப்பினேன். கப்பல் நடுக்கடலில் இருந்தது. திங்கட்கிழமை கடந்தது. போன் அடித்தது, நாங்கள் எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் படம் வந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், முகவரி எல்லாம் தெளிவாக இருந்தது. கூடவே மீரானின் குரல்: "அண்ணாச்சி, நீங்க கேட்டது இதுதானா பாருங்க. கயிறு விஷயத்தையும் நான் எழுதித் தாரேன். வேலை போனா போவட்டும். உங்களுக்காக துஆ செய்யுதேன்."

வக்கீல் அம்மா நேரே அந்த நிறுவனத்துக்கு எழுதினார்கள். பத்து நாளில் பதில் வந்தது. ஆப்பரேஷனுக்கு ஒப்புதல். நிறுத்தின சம்பளம் மொத்தமாக வந்தது. ஆப்பரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்து, "கால் தப்பிச்சுட்டு" என்றார். கிரேஸ் அங்கனேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊனத்துக்கான நஷ்டஈடும் ஒப்பந்தத்தில் சொன்னபடி முழுசாக வந்தது. கவனக்குறைவு என்ற வார்த்தை எந்தத் தாளிலும் இல்லை. மீரானுக்கும் வேலை போகவில்லை. போன ஈஸ்டர் அன்று ஊன்றுகோல் இல்லாமல் நடந்து போய் நற்கருணை வாங்கினேன். கொஞ்சம் நொண்டினேன். சந்தோஷமாக நொண்டினேன்.

இனி எனக்குக் கடல் வேலை இல்லை. சனிக்கிழமைதோறும் ஆலயத்துப் பக்கத்து அறையில் உட்காருகிறேன். கப்பலுக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தைக் கொண்டு வருகிறார்கள். கிரேஸும் நானும் வாசித்துச் சொல்லுகிறோம். புரியாததை வக்கீல் அம்மாவிடம் கேட்கிறோம். என் கண்ணைத் திறக்கவேண்டும் என்று கேட்டு ஜெபிக்க இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள், கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கலாம். பயந்து போட்டுவிடாதீர்கள். என் அரைகுறை ஜெபத்தைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் சேர்ந்து ஜெபிப்போம். பிறகு, பைய, ஒவ்வொரு வரியாக வாசிப்போம்.