ஒன்பதாம் அட்டவணையில் அம்மா

கண்ணாடிமேல் பூசிக் காய்ந்துபோன சந்தனத்துக்கு ஒரு புளித்த வாடை உண்டு. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நாங்கள் குடியிருந்தபோது, மாரியம்மன் கோயிலில் அம்மன் படத்துக்கு அருகே சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு கடிதத்திலிருந்து அந்த வாடை வரும். கோலாலம்பூரில் ஒரு துணையமைச்சரின் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அது. பூசாரி அம்மனுக்குப் பொட்டு வைத்த கையோடு அதற்கும் ஒன்று வைப்பார். நாங்களும் இரண்டையும் சேர்த்தே கும்பிடுவோம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு வருவதில்லை.

தோட்டம் கைமாறுகிறது, வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, எங்கள் "லயத்து" சனங்களுக்கு, தோட்டத்துக் கூலிக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு, முதலில் வந்த பயம் மயானத்தைப் பற்றியதுதான். வீடு எப்படியும் தோட்டத்தாருடையது; மயானத்தில் கிடந்தவர்கள் எங்களுடையவர்கள். நான் நான்காம் வகுப்பு படித்தபோது காய்ச்சலில் போய்விட்ட அம்மாவும் அங்கேதான், அப்பா தலைமாட்டில் நட்டுவைத்த செம்பருத்திக்குக் கீழே இருந்தாள். கோயில் தலைவர் மயானத்தைக் காப்பாற்றக் கேட்டு மனு எழுதி, எல்லாரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கித் தலைநகருக்கு அனுப்பினார். "பெரிய எடத்துல சொல்லியாச்சு, இனி எவனும் கை வைக்க முடியாதுலா" என்றார். வந்த பதிலோ மலாயில் நான்கே வரி; கோரிக்கைக்கு உரிய கவனம் தரப்படும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சட்டம் போட்டு மாட்ட அதுவே போதுமானதாக இருந்தது.

நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் மயான வேலியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் பேச்சில் அது "தானா ஆபீஸ் கடுதாசி", அதாவது நில அலுவலகத்துக் காகிதம். மூன்று மாதத்துக்குள் பெயர் கொடுத்து, அவரவர் உறவினரின் எலும்புகளை எடுத்துப்போய் வேறிடத்தில் அடக்கம் செய்துகொள்ளலாம் என்றிருந்தது. அப்பாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. என்னைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். "இது மாநிலத்துக்காரன் கடுதாசி. கோயில்ல இருக்கறது மத்திய அரசாங்கத்துக் கடுதாசி. ரெண்டுல எதும்மா பெருசு?" என்று கேட்டார்.

பரீட்சைக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்த பிள்ளை நான். "மத்திய அரசாங்கம்தான்பா பெருசு" என்றேன். அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அன்று சாயங்காலமே வழியில் கண்டவர்களிடமெல்லாம், "புள்ள படிக்குதுலா, அதுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அத்தை மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. அவருடைய கணவரும் எங்கள் மயானத்தின் ஓரத்தில்தான் இருந்தார். "பெருசு சிறுசெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. தோண்டப் போறவன் சொல்றான், கேட்டுக்க வேண்டியதுதான்" என்று, தெங்கேராவிலிருந்த தன் தம்பியை வரவழைத்து, எலும்புகளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி டவுன் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். போகுமுன் எங்கள் வாசலில் நின்று, "அண்ணியையும் எடுத்துருங்கண்ணே" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "நிம்மதியா கெடக்கறவள எதுக்கு எழுப்பச் சொல்ற? எம்மவ படிச்சுப் பார்த்துட்டா."

மூன்று மாதமும் ஓடிப்போயிற்று. பள்ளி விடுமுறையில் ஒரு காலை மண்வாரி இயந்திரம் வந்தது. கோயில் தலைவர் சட்டத்தோடு கடிதத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே போய் நின்றார். ஓட்டி வந்த மலாய்க்கார இளைஞர் மரியாதையாகவே இறங்கி வந்து, சந்தனத்தை விரலால் விலக்கி, நான்கு வரியையும் படித்துவிட்டு, தலைவரை மாமா முறை வைத்து, "இது கேஎல் கடிதம், பாக்சிக். நிலம் மாநிலத்துடையது" என்று திருப்பிக் கொடுத்தார். மதியத்துக்குள் எல்லாம் ஒரே செம்மண்ணாகிவிட்டது. செம்பருத்தி நின்ற இடத்தைத் தேடி அப்பா அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தார், என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் படிக்கும்போதுதான் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை என் கண்ணில் பட்டது. அதில் பெரியது சிறியது என்ற பேச்சே இல்லை. வேலையைப் பிரித்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். தற்காப்பு, குடியுரிமை போன்றவை மத்திய அரசாங்கத்துக்கு, நிலம் மாநிலத்துக்கு, இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியவை மூன்றாவது பட்டியலில். மாநிலத்தின் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். தங்கும் விடுதிகள், சந்தைகள், அலையும் மாடுகளை அடைக்கும் பட்டிகள், இவற்றுக்கிடையே "இடுகாடுகளும் சுடுகாடுகளும்". சட்டம் எழுதியவர்கள் அம்மாவை மறந்துவிடவில்லை. அவள் யார் பொறுப்பு என்று நான் பிறப்பதற்கு முன்பே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நான்தான் அப்பாவுக்குத் தப்பான வாசலைக் காட்டினேன்.

இப்போது புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தோட்டமும் இல்லை, லயமும் இல்லை, அந்தக் கடிதம் என்னவாயிற்று என்று சொல்ல ஆளும் இல்லை. மயானம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். வருடத்துக்கு ஒருமுறை போய்க் காரை ஓரங்கட்டிவிட்டுப் பார்க்கிறேன். இந்த வீட்டின் அடுப்படிக்குக் கீழேயா, அந்த வீட்டுக் கொடியில் துணி காய்கிறதே, அங்கேயா என்று மனம் தேடுகிறது. பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த கேன்டீனில்கூடச் சில நாள் அம்மா என் பின்னால் வந்து நிற்கிறாள். திரும்ப எனக்குப் பயம். திரும்பினால், எங்கேம்மா இருக்கிறாய் என்று நானே கேட்டுவிடுவேன்.

அப்பா கடைசிவரை அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன வருடம் படுக்கையில் விழுந்தபின் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "என்னையப் பொதைக்க வேணாம்மா. எரிச்சு, சாம்பல லிங்கி ஆத்துல விட்டுரு. ஆத்துக்கு எந்த ஆபீசும் கெடையாதுலா."

ஆறுகளும் அதே பட்டியலில், மயானத்துக்குச் சில வரிகள் கீழே இருக்கின்றன.

"சரிப்பா" என்றேன்.