கஜேந்திரன் என்றொரு துகள்

மண் சரியும் என்று எச்சரிக்கப்பட்ட லயத்து வரிசை வீட்டில் இருந்த ராசம்மாவுக்குப் புதுவீடு ஒதுக்கியிருந்தார்கள். தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் அதைத் தன் மச்சானுக்கு மாற்றிக் கொடுத்தார். ஐப்பசி மழையில் லயம் சரிந்தது. ராசம்மா உள்ளே இருந்தாள். சாவு வீட்டில் முதல் மாலை கஜேந்திரனுடையது.

அன்றிலிருந்து ராசம்மாவின் மகள் கம்சலாவுக்கு ஒரே ஆசை: அந்த மனிதர் ஊர் நடுவில் கூனிக் குறுக வேண்டும்.

அவள் பதுளைக் கடைத்தெருவில் ஷிபானின் கடையில் போன் திருத்துகிறாள். நுணுக்குக்காட்டியில் பொடி விரிசலைத் தேடித் தேடிப் பழகிய கண். வேலையில்லாத மத்தியானங்களில் கணினியில் இன்னொரு தேடல். நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் தூசியைப் பிடிக்கப் போன விண்கலம் ஒன்று திரும்பி வந்திருந்தது. அது கொண்டுபோன ஏரோஜெல், உறைந்த புகை போன்ற கண்ணாடி நுரை. தூசி மோதினால் அதில் தடம் விழும். அந்த நுரையின் படங்களை இணையத்தில் போட்டிருந்தார்கள். யாரும் தேடலாம். தடத்தை முதலில் கண்டவர் துகளுக்குப் பெயர் வைக்கலாம்.

கம்சலா கண்டாள். வெலிமடைக் கேரட்டை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கியது போல ஒரு தடம். கஜேந்திரன் என்று பெயர் கொடுத்தாள்.

"என்னா தங்கச்சி, அந்தாளு பேரயா வெச்ச?" என்றார் ஷிபான். அவரை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்பாள்.

"ஆமாங்க நானா. ஆகாதவனோட காலடி மண்ண எடுத்து, பேரச் சொல்லி, சூனியம் வப்பாங்கல்ல? இதயும் வெட்டி எடுப்பாங்க, எக்ஸ்ரே அடிப்பாங்க, துருவித் துருவிப் பாப்பாங்க. பேரு வச்சாச்சு, இனி அது அந்தாளுதான்."

"போ புள்ள. அவரு பேனர் அடிக்கப் போறாரு, பாரு."

அடித்தார். 'விண்ணைத் தொட்ட எங்கள் தலைவர்!' சந்தியில் பேனர், கோயிலில் பொன்னாடை. பஸ்ஸில் கம்சலாவைக் கண்டபோது, "ஒங்கம்மா மாதிரியே தங்கமான மனசு தாயி ஒனக்கு" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பல மாதங்கள் கழித்து ஆய்வின் முடிவு வந்தது. படித்ததும் கம்சலா கடைக்கு லீவு சொன்னாள். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனாள். கூடைகளோடு சனம் நின்றது. கஜேந்திரன் பேசிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, ஒங்க தூசியப் பத்தி செய்தி வந்திருக்கு. சொல்லவா?"

"சத்தமாச் சொல்லு தாயி. எல்லாரும் கேக்கட்டும்!"

"அது நட்சத்திரத்துலருந்து வரலீங்களாம். அந்தக் கலத்தோட சூரியத் தகட்டுலருந்து ஒடஞ்சு தெறிச்ச கண்ணாடிச் சில்லாம். நட்சத்திரத் தூசிக்குன்னு வச்ச எடத்துல இது போய்க் குந்திக்கிச்சு."

கொழுந்து பறிக்கும் ரெங்கம்மா பின்வரிசையிலிருந்து கேட்டாள்: "ராசம்மா வீட்டுல தலைவரு மச்சான் குந்தின மாதிரியா?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு களமே சிரித்தது. கஜேந்திரன் சால்வையைச் சரிசெய்தார், பேச வாய் திறந்தார், "சில்லு!" என்றது ஒரு குரல்.

சாயங்காலம் பேனரைக் கழற்றிவிட்டு அவர் கம்சலாவின் வாசலுக்கு வந்தார்.

"பேர மாத்தச் சொல்லி எழுதிப்போடு புள்ள."

"எழுதுனா மாத்துவாங்க," என்றாள் கம்சலா. "நா எழுத மாட்டேன்."

கதவைச் சாத்தினாள். அவர் போகும் சத்தம் கேட்டது. அவளுக்கு இன்னும் போதவில்லை.